கான்கிரீட்டுக்கு வாட்டர் பேஸ்டு சீலர்: உரியுமா, நிற்குமா?

கேள்வி இதுதான். கோவளம் பக்கம் புது வீடு. முன்னால் கார் நிறுத்த சுமார் 400 சதுர அடி கான்கிரீட் தளம், மாடிப்படியை ஒட்டிப் பூசாமல் விட்ட கான்கிரீட் சுவர், உள்ளே கூடத்தில் மெழுகிய சிமெண்ட் தரை. மூன்றும் கறை பிடிக்காமல் இருக்க வேண்டும், நிறமும் கொஞ்சம் ஆழமாகத் தெரிய வேண்டும். வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருப்பதால் நெடி இல்லாத, தண்ணீரில் தயாரான சீலர் (கான்கிரீட்டைக் காக்க மேலே அடிக்கும் மருந்து) வேண்டும் என்கிறீர்கள். மேஸ்திரியோ, "தண்ணியில கலந்ததெல்லாம் ஒரு மழைக்கே உரிஞ்சிடும், சால்வென்ட் அடிங்க" என்கிறார்.

நீங்கள் தேடுவது சரியான பொருள்தான். மேஸ்திரியும் பொய் சொல்லவில்லை, உரிந்ததை அவர் கண்ணால் பார்த்திருப்பார். ஆனால் அது உரிந்தது மருந்தில் இருந்த தண்ணீரால் அல்ல, அடிக்கும்போது தளத்துக்குள் இருந்த தண்ணீரால். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். நான் பார்த்த உரிசல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈரம்தான். அப்படி உரிந்தவற்றில் சால்வென்ட் சீலரும் நிறைய உண்டு.

முதலில் நெடி விஷயம். சால்வென்ட் சீலர்களில் அக்ரிலிக் பிசினைக் கரைத்து வைத்திருப்பது பெரும்பாலும் சைலீன் அல்லது அதன் சொந்தக்கார ரசாயனங்கள். லிட்டருக்கு 600 கிராம் வரை, சிலவற்றில் அதற்கு மேலும், காற்றில் போகக்கூடிய சரக்கு இருக்கும். உங்கள் 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்குத் தோராயமாகப் பத்து லிட்டர் பிடிக்கும். அதாவது ஆறு கிலோ ரசாயனம் உங்கள் வாசலிலிருந்து ஆவியாகக் கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். சைலீன் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகத் தொடங்குவது 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில். சித்திரை மாதத்துச் சென்னை மதியம் அதை எளிதாகத் தாண்டிவிடும். பக்கத்து அறையில் அடுப்பு எரிந்தாலோ, மோட்டார் சுவிட்சில் ஒரு பொறி பறந்தாலோ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு அடுக்ககத்தின் பேஸ்மெண்டில் சால்வென்ட் சீலர் அடித்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டு பெயிண்டர்கள், மூலையில் ஒரே ஒரு மின்விசிறி. ஒரு மணி நேரம் கழித்து இறங்கிப் பார்த்தால், அதில் இளையவன் படிக்கட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்ல சார், தல மட்டும் சுத்துது" என்றான். ரோலரைக் கையை விட்டு வைக்கவில்லை. வெளியே கூட்டி வந்து உட்கார வைத்தோம், தேறிவிட்டான். அதன்பின் மூடிய இடத்தில் அந்தச் சரக்கை நான் எடுப்பதில்லை. குழந்தைக்காக நெடியில்லாததைக் கேட்கிறீர்கள், நல்லது. குனிந்து ரோலர் ஓட்டுகிறவரின் மூக்கு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. முதல் மூச்சு அவருடையது.

சரி, தண்ணீர் சீலர் எப்படி வேலை செய்கிறது? டப்பாவைத் திறந்தால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அது கரைசல் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பிசின் துளிகள் தண்ணீரில் மிதக்கிற குழம்பு. அடித்ததும் தண்ணீர் போகப் போகத் துளிகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. அப்போது வெள்ளை மறைந்து தெளிவாகிவிடும். ஒரு தடவை ஒட்டிவிட்டால் மறுபடி தண்ணீரில் கரையாது. மழைக்குக் கரைந்துவிடும் என்ற பயத்துக்கு இதுதான் பதில். ஆனால் ஒட்டுவதற்கு முன் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும், அது உண்மை. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் துளிகள் விறைத்துப்போய்ச் சரியாக ஒட்டாது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நமக்குத் தொல்லை சூடும் ஈரமும்.

துளிகள் இளகி ஒட்டுவதற்கு, தண்ணீர் சீலரிலும் கொஞ்சம் மெதுவாக ஆவியாகும் ரசாயனம் சேர்ப்பார்கள். அதனால் டப்பாவில் "வாட்டர் பேஸ்டு" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். கடைக்காரரிடம் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் விஓசி, அதாவது காற்றில் ஆவியாகிப் போகும் ரசாயனம், லிட்டருக்கு எத்தனை கிராம் என்ற எண் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் காற்றுத்தர அமைப்பு கான்கிரீட் சீலருக்கு வைத்திருக்கும் வரம்பு 100 கிராம். அமெரிக்கா முழுமைக்குமான 1998ஆம் வருட விதி, நீர்த்தடுப்பு சீலருக்கு 600 வரை விடுகிறது. எனவே "அமெரிக்க விதிப்படி தயாரானது" என்ற வாசகத்தில் பெரிய அர்த்தம் இல்லை, எந்த விதி என்று கேட்க வேண்டும். வீட்டுக்குள் அடிப்பதற்கு 50 கிராமுக்குக் கீழே பாருங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு, அடித்து முடித்தபின் எத்தனை நாள் கசிகிறது என்பது வேறு கணக்கு. வேகமாக ஆவியாகிறது இரண்டு நாளில் போய்விடும். மெதுவாக ஆவியாகிறது அளவில் கொஞ்சமாக இருந்தாலும் வாரக்கணக்கில் அறைக்குள் கசியும். இந்த இரண்டாவதை அளப்பதற்குத்தான் ஜெர்மனியின் எமிகோட் முத்திரை இருக்கிறது. பொருளை ஒரு சோதனைக் கூண்டில் வைத்து, மூன்றாம் நாளும் 28ஆம் நாளும் காற்றை அளக்கிறார்கள். அதன் உச்சத் தரமான இசி1 பிளஸ் கிடைக்க வேண்டுமானால், 28ஆம் நாளில் கன மீட்டர் காற்றில் மொத்தம் 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கிரீன்கார்டு கோல்டும் இதுபோல வெளிவரும் ஆவியை அளந்து தரும் முத்திரைதான். நம் நாட்டில் ஹைதராபாத்தில் உள்ள சிஐஐ (இந்தியத் தொழில் கூட்டமைப்பு) மையம் கிரீன்புரோ என்று ஒரு முத்திரை தருகிறது. வீசிங் உள்ள குழந்தை இருக்கிற வீட்டில் கூடத்துக்கு வாங்கும் பொருளில் இப்படி ஒரு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது உங்கள் கான்கிரீட்டுக்கு வருகிறேன். சிமெண்ட் இறுகுவதற்கு வேண்டியதைவிட அதிகத் தண்ணீரைத்தான் எல்லோரும் கலக்கிறார்கள், இல்லாவிட்டால் கலவை ஓடாது. மிச்சத் தண்ணீர் வெளியேறிய பாதைதான் கான்கிரீட்டுக்குள் இருக்கும் மயிரிழைத் துளைகள். அதே பாதையில் மழைநீரும், கடற்காற்றின் உப்பும், கார் ஆயிலும் உள்ளே போகும். சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பு அதே பாதையில் ஈரத்தோடு வெளியே வந்து, காற்றுப் பட்டு வெள்ளையாகப் பூக்கும். உப்பு பூத்திருக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி இந்தச் சுண்ணாம்புதான்.

கோவளம் மணல் பூமி, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். கார் தளத்துக்கு அடியில் பாலித்தீன் விரித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக விரித்திருக்க மாட்டார்கள். அப்படியானால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தளம் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே பளபளவென்று படலம் போட்டு அடைத்தால் ஈரம் எங்கே போகும்? வேளச்சேரியில் ஒரு வாசல் தளத்தில் இரண்டு வருடப் பழைய அக்ரிலிக் படலத்தைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்பில் நகத்தை விட்டதும், சூடாறிய பாலின் ஏடு மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. அடியில் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது, கான்கிரீட் மேல் மாவு தூவியதுபோல வெள்ளை. மருந்து நல்ல மருந்துதான், அடித்த இடம்தான் தப்பு.

ஆகவே கார் தளத்துக்கும் மாடிப்படிச் சுவருக்கும் நான் சொல்வது, படலம் போடாமல் உள்ளே இறங்குகிற சிலேன் சிலாக்சேன் வகை, சிலிக்கான் சேர்ந்த ரசாயனங்கள். அதிலும் தண்ணீரில் குழம்பாக வருவது கிடைக்கிறது. சிறிய மூலக்கூறு என்பதால் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கி, துளைகளின் சுவரோடு ரசாயனமாகப் பிணைந்துகொள்ளும். துளை அடைபடாது, அதன் சுவர் மட்டும் தண்ணீர் ஒட்டாததாக மாறிவிடும். சேம்பிலையில் தண்ணீர் உருண்டு ஓடுவது மாதிரி. மழைநீர் உள்ளே போகாது, அதே சமயம் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே வரலாம். உரிவதற்குப் படலமே இல்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலேன் கான்கிரீட்டோடு பிணையும்போது எத்தனாலை வெளியே விடும். அதிகம் புழங்குகிற ஆக்டைல் வகையில் மூலக்கூறின் எடையில் பாதி இப்படி எத்தனாலாகப் போய்விடும். அதனால் 40 சதவீதச் சிலேன் குழம்பின் தாளில் விஓசி எண் பெரிதாகத் தெரியும். சைலீனோடு ஒப்பிட்டால் எத்தனால் எவ்வளவோ சாது, வெளியிடத்தில் சில நாளில் போய்விடும். ஆனாலும் அடித்த இரண்டு நாள் அந்தப் பக்கத்து ஜன்னலை மூடி, குழந்தையைப் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சிலேன் குறைவாக உள்ள சிலாக்சேன் கலவைகளில் எண் 100க்குக் கீழே கிடைக்கும். சுவருக்கு அது போதும். கார் தளத்தில் டயர் தேய்ப்பதால் மேல்பரப்பு மருந்து சீக்கிரம் போய்விடும். அங்கே ஆழமாக இறங்குகிற, சிலேன் அதிகமுள்ளதை எடுங்கள்.

நிறம் ஆழமாகத் தெரிய வேண்டும் என்றீர்களே, அது சிலேனில் வராது. நனைந்த கான்கிரீட் ஏன் கறுப்பாகத் தெரிகிறது? காய்ந்த பரப்பில் காற்றும் கல்லும் மாறி மாறி இருப்பதால் ஒளி சிதறி வெளிறித் தெரிகிறது. துளையில் தண்ணீரோ பிசினோ நிரம்பினால் சிதறல் குறைந்து நிறம் எழும்பும். சிலேன் துளையை நிரப்பாது, அதனால் கான்கிரீட் பழையபடியே சாம்பலாக இருக்கும். நிறத்துக்காகக் கார் தளத்தில் அக்ரிலிக் அடிக்காதீர்கள். ஓடி வந்த சூடான டயர் நின்றால் படலம் இளகி டயரோடு வரும். வேண்டுமானால் முதலில் தண்ணீரில் கலக்கும் கான்கிரீட் ஸ்டெயின் (நிறமேற்றி) போட்டு, நன்றாகக் காய்ந்தபின் சிலேன் அடிக்கலாம். இரண்டும் ஒத்துப்போகுமா என்று ஒரு மூலையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். படிக்கட்டுச் சுவரை நான் நிறம் ஏற்றாமல் அப்படியே விட்டுவிடுவேன். புதுச்சேரியில் 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய கோல்கொண்டே விடுதியின் வெற்றுக் கான்கிரீட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் சாம்பல் நிறமே எவ்வளவு அழகு என்று தெரியும்.

அப்புறம் வாசல் கோலம். சிலேன் அடித்த தளத்தில் மாக்கோலம் போட்டால் கோடு கோடாக நிற்காது, மாவுத் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடும். கோலம் போடும் இடத்தை அளந்து, டேப் ஒட்டி, மருந்து படாமல் விட்டுவிடுங்கள். ஒரு வீட்டில் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். மார்கழி முதல் நாள் காலையில் அந்த அம்மா போன் செய்தார்கள். அடித்த சிலேனை எடுக்க முடியாது, கிரைண்டர் வைத்து மேல்பரப்பைத் தேய்க்க வேண்டியதாயிற்று.

கார் ஆயில் கறைக்குச் சிலேன் முழுப் பாதுகாப்பு இல்லை. தண்ணீரைத் தடுக்கும், ஆயிலைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆயிலையும் தடுக்கும் என்று வருகிற சீலர்கள் பலவற்றில் ஃபுளோரின் சேர்ந்த ரசாயனம் இருக்கிறது. அந்த வகையில் பல, மண்ணிலும் நீரிலும் போனால் மக்காமல் கிடக்கும். உங்கள் வாசல் தண்ணீர் நேராக மணலுக்குள் போகிறது, அந்த மணலில்தான் உங்கள் கிணறும் இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கார் நிற்கும் இடத்தில் ஒரு தகரத் தட்டு வையுங்கள்.

கூடத்துத் தரைக்குக் கணக்கு வேறு. மெழுகிய சிமெண்ட் தரை ஏற்கெனவே இறுகலானது. தூசு கிளம்பினால் லித்தியம் சிலிகேட் அடிக்கலாம். அதில் அநேகமாக விஓசியே கிடையாது. சிமெண்டில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து, சிமெண்டின் பிணைப்புப் பொருளைப் போன்ற ஒன்றையே உண்டாக்கி, மேல்பரப்பைக் கெட்டியாக்கும். மிச்சமானதை அதே நாளில் துடைத்துவிட வேண்டும். காயவிட்டால் வெள்ளைத் திட்டாக நிற்கும், எடுப்பது கஷ்டம். ஆனால் சிலிகேட் புளியை நிறுத்தாது. எலுமிச்சைச் சாறோ, புளித்தண்ணியோ, மோரோ சிந்தினால் சிமெண்டை அரிக்கும், மங்கலாக ஒரு வட்டம் விழும். சாப்பிடும் கூடம் என்றால் மேலே தண்ணீரில் வரும் பாலியூரிதேன் இரண்டு மெல்லிய கோட் போடுவது நல்லது. ஹார்ட்னர் கலக்கும் இரட்டை டப்பா வகை உறுதியானது, ஆனால் அந்த ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. உங்கள் வீட்டுக்கு ஒற்றை டப்பா வகையே போதும். நிறம் எழும்ப வேண்டும் என்ற ஆசையும் இங்கே நிறைவேறும்.

பாலியூரிதேன் படலம் போடும் வகை என்பதால் ஈரச் சோதனை கட்டாயம். ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பாலித்தீனை வெட்டி, நாலு பக்கமும் டேப்பால் அடைத்துத் தரையில் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், மாலையில் ஒட்டினால் மறுநாள் மதியம் வரை விடுங்கள். தூக்கிப் பார்க்கும்போது அடியில் துளி நின்றாலோ, தரை கறுத்திருந்தாலோ இன்னும் காய வேண்டும். சுவரோரம், நடு என்று மூன்று இடத்தில் செய்யுங்கள். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாளுக்கு முன் இந்தப் பேச்சே வேண்டாம்.

எதை அடிப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் குடித்துக் கறுத்தால் தளம் மருந்தை ஏற்கும். முத்தாக நின்றால், கான்கிரீட் போட்டதும் ஈரம் காக்க அடித்த க்யூரிங் மருந்தோ மெழுகோ மேலே இருக்கிறது, அதை எடுக்காமல் அடிப்பது வீண்.

சுத்தம் செய்ய ஆசிட் ஊற்றுவார்கள், தடுத்துவிடுங்கள். கடை ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக். அதன் குளோரைடு கான்கிரீட்டுக்குள் தங்கினால் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கடல் உப்பைத் தடுக்கச் சீலர் அடிக்கிற நாம், நம் கையாலேயே உப்பை உள்ளே வைத்து மூடுவதா? பிரஷர் வாஷ் போதும், பிடிவாதமான கறைக்குக் கிரைண்டர். கடைசிக் கழுவலுக்கு போர் தண்ணீர் வேண்டாம், அந்தப் பக்கத்து போரில் உப்பு அதிகம். மெட்ரோ வாட்டரோ மழைநீர்த் தொட்டித் தண்ணீரோ எடுங்கள். சுவரும் தளமும் இரண்டு மூன்று நாள் வெயிலில் காயட்டும்.

வடகிழக்குப் பருவமழையில் தொட வேண்டாம். தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். காலையில் பனி இருந்தால் அது காயும்வரை பொறுங்கள். மாசிக்கு மேல், தளம் சூடேறிக்கொண்டிருக்கும் முற்பகலில் படலம் போடும் வகையை வெளியே அடிக்கக் கூடாது. துளைக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து கொப்புளம் விடும். மேல்பரப்பும் துளிகள் ஒட்டும் முன்பே காய்ந்துவிடும். தளம் ஆறத் தொடங்கும் மாலை 4 மணிக்குப் பிறகு அடியுங்கள். புறங்கையை வைத்தால் பத்து விநாடி தாங்க வேண்டும், அதுதான் என் அளவுகோல். சிலேனை முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது கோட் அடித்துக் குடிக்கவிட வேண்டும். பாலியூரிதேன் அப்படியில்லை, முதல் கோட் காய்ந்தபின் இரண்டாவது. கண்ணாடியிலும் செடியிலும் சிலேன் படாமல் மூடி வையுங்கள்.

தண்ணீர் சீலர்தானே என்று ரோலர் கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் கொட்ட விடாதீர்கள். ஒரு பக்கெட்டில் கழுவித் தெளியவிட்டு, படிந்த பிசினைக் காயவைத்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள். நெடி இல்லாவிட்டாலும் ரோலர் பிடிப்பவருக்குக் கையுறையும் கண்ணாடியும், ஸ்பிரே என்றால் முகமூடியும் வாங்கிக் கொடுங்கள். தண்ணீர்க் குழம்பில் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும்.

இதெல்லாம் மொட்டைமாடி ஒழுகலுக்கு மருந்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெடிப்பு வழியாக ஒழுகுவதைச் சிலேன் நிறுத்தாது, அது வேறு வேலை.

வருடா வருடம் ஆவணியில், மழைக்கு முன், அதே ஸ்பூன் தண்ணீரைக் கார் தளத்திலும் சுவரிலும் தெளித்துப் பாருங்கள். டயர் ஓடும் இரண்டு தடத்தில்தான் முதலில் குடிக்கத் தொடங்கும். அப்போது அந்த இரண்டு தடத்தை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த தையில் அங்கே மட்டும் அடித்தால் போதும், தளம் முழுவதும் தேவையில்லை. மேஸ்திரியைக் கூடவே நிற்க வைத்துப் பாலித்தீன் சோதனையைச் செய்து காட்டுங்கள். அடியில் நிற்கும் துளியை அவரே பார்த்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.